ஏறாத ரத்தம்

என் தங்கைக்கு ரத்தம் ஏறவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் இதுதான் பேச்சு. வெளியே மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்பதுகூட எனக்கு நினைவில்லை. போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே பொழுது போனது.

அவள் அப்போது நான்காம் மாதம். இதற்கு முன்பு இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. முதல் தடவை கலைந்தபோது எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இரண்டாம் தடவை கலைந்தபோது எல்லோரும் காரணம் சொன்னார்கள். மாடிப்படி ஏறினாளாம், தண்ணீர் வாளியைத் தூக்கினாளாம், நேரத்துக்குச் சாப்பிடவில்லையாம். இப்படிக் காரணம் சொல்கிறவர்களுக்கு மட்டும் ஒரு நாளும் ஒன்றும் ஆவதில்லை, கல்லு மாதிரி இருப்பார்கள். மூன்றாவதும் போனால் இவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே பயந்தேன். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று மிஞ்சியது இவள் ஒருத்திதான். கல்யாணமாகி நாலு தெரு தள்ளிப் போன பிறகும், அழுகை வந்தால் என் தோளில்தான் வந்து மூக்கைத் துடைப்பாள்.

பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்லவர்தான். ஆனால் அவரும் எங்களைப் போலவே அலுத்துப்போனவர். வாசலில் வரிசை முடிந்த பாடில்லை. ஒரு கண் காகிதத்தில், ஒரு கண் கதவில்.

"என்ன வேலை பாக்குறே?"

"மீன்வலைக் கடையில. வலை கட்டுற வேலை."

"உட்கார்ந்து பாக்குறதுதானே?"

"ஆமா."

"அப்ப சரி. கனமா எதையும் தூக்காதே. ரத்தம் ஏழுலதான் நிக்குது. இப்படியே பிரசவத்துக்கு வந்தா, கொஞ்சம் ரத்தப்போக்கு ஆனாக்கூட உன்னால தாங்க முடியாது. வயித்துல இருக்கறதும் வளராது. பத்துக்குக் கொண்டு வரணும். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, புரியுதா?"

புரிந்தது. எனக்கு அவளைவிட நன்றாகவே புரிந்தது.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது ஒரே கடையில். தகரக் கூரை, சிமெண்ட் தரை, சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளாளுக்கு மடி நிறைய வலை. வலையின் விளிம்பில் ஓடும் கயிற்றில் வரிசையாக ஈயக்குண்டு பூட்ட வேண்டும். அந்தக் கனம்தான் வலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். குண்டு பட்டாணி அளவுதான் இருக்கும், நடுவில் பாதி பிளந்திருக்கும். பிளவுக்குள் கயிற்றை விட்டு அழுத்தினால் கவ்விக்கொள்ளும். ஒரு கை கயிற்றை இழுக்கும், ஒரு கை கண்ணிகளை விலக்கும். அழுத்துவதற்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? வாய்தான். ஒரு பிடி குண்டுகளைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நாக்கால் ஒன்றை முன்னே தள்ளி, கயிற்றை அதற்குள் விட்டு, கடைவாய்ப் பல்லால் ஒரு கடி. அவ்வளவுதான், அடுத்தது.

முதலாளி குறடு வாங்கித் தராமல் இல்லை. அவை சுவரில் ஆணியில் தொங்கித் துருப்பிடித்துக் கிடந்தன. குறட்டைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் கயிறு நைந்துபோகும், குறைவாக அழுத்தினால் குண்டு நழுவும். "எங்க நிறுத்தணும்னு பல்லுக்குத் தெரியும். இந்த இழவு குறட்டுக்கு என்ன தெரியும்?" என்பாள் ரேடியோ. ரேடியோ என்பது என் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர். வாய் நிறைய ஈயத்தை வைத்துக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள், ஒரு குண்டு கீழே சிந்தாது. சில நாள் சிரிக்கிற சிரிப்பில் ஒன்றிரண்டு தொண்டைக்குள் இறங்கிவிடும். "போனா போகுது, நாளைக்குக் காலையில தானா வந்துடும்" என்று அதற்கும் சிரிப்போம்.

எங்களில் வேகம் என் தங்கைதான். இரண்டு கன்னத்திலும் ஒதுக்கிக்கொள்வாள். அவள் குனிந்தால் கயிறு ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மாத்திரை விஷயத்தில் நான் போலீஸ்காரி ஆகிவிட்டேன். வீட்டில் போட்டால் மறந்துவிடுவாள் என்று கடையிலேயே என் கண் முன்னால் போட வைத்தேன். டீ வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன். அவள் குண்டுகளையெல்லாம் இடது கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, வலது பக்கமாக மாத்திரையை விழுங்குவாள்.

"வாயைத் திற, பாக்கறேன்."

"ஆ."

ஒரு பக்கம் கறுகறுவென்று ஈயம், மறுபக்கம் வெறும் நாக்கு. மாத்திரை போய்விட்டதா என்று பார்ப்பேன். போயிருக்கும். சமர்த்து என்று கன்னத்தில் தட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போவேன்.

அடுத்த தடவை பரிசோதனையில் ஏழிலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மாத்திரை போடலைன்னா போடலைன்னு சொல்லிடும்மா. நான் ஒண்ணும் அடிக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"நான்தான் குடுக்கறேன் டாக்டர், என் கண் முன்னாடி" என்று நான் குறுக்கே விழுந்தேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவள் மாமியார் வீட்டில் ஆட்டம் ஆரம்பித்தது. "ஈரலும் கீரையுமா வாங்கிக் கொட்டுறோம். உள்ள போறது எங்க போகுதுன்னே தெரியலை. பிள்ளை பெத்துக்கணும்னு நினைப்பு இருந்தா உடம்பு கேக்காதா?" என்று அந்த அம்மாள் வாசலுக்குக் கேட்கிற மாதிரி சமையலறைக்குள் பேசினாள். மாப்பிள்ளை அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு நாள் அவரே மெதுவாக, "நிஜமாவே போடறியா?" என்று கேட்டுவிட்டார். மாமியார் பேசிய அத்தனையையும்விட அதுதான் இவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

இவளோ நாளுக்கு நாள் துவண்டாள். மடியில் வலை இருக்க அப்படியே தூங்கிவிடுவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். மாத்திரை சூடு என்றார்கள். தலை வலிக்கிறது என்பாள். மசக்கை என்றார்கள். முகம் வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் படியேறினால் மூச்சு வாங்கியது. எனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, நானே வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துப் பிறகு துப்புகிறாளோ? ஒரு நாள் அவள் கை கழுவப் போனபோது அவள் பையைத் துழாவினேன். பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"நீயுமாக்கா?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"இரும்பு மாத்திரை போட்டா கறுப்பாத்தான் போகுமாம். டாக்டரம்மாவே சொன்னாங்க. நாளைக்குக் காலையில உன்னைக் கூப்பிட்டு விடறேன். கக்கூஸ் வரைக்கும் வந்து உன் கண்ணாலயே பாத்துட்டுப் போ."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்தபடியே அழ ஆரம்பித்தாள். "போடறேன்க்கா. சத்தியமா போடறேன். எது உள்ள போனாலும் என் உடம்புல ஒட்ட மாட்டேங்குது. இதுவும் போயிடும்க்கா, எனக்குத் தெரியும்." என் தோள் நனைந்தது. நான் பாவி, அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் மாத முடிவில் அவள் பல் உடைந்தது. குண்டைக் கடிக்கும்போது சடக் என்று சத்தம். குண்டுதான் இரண்டாகிவிட்டது என்று நினைத்துக் கையில் துப்பினாள். ரத்தத்தோடு பாதிக் கடைவாய்ப் பல். வலியில் துடித்தவளை மருந்துக் கடை மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

சின்ன அறை. நாற்காலியில் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, அந்த இளம் டாக்டர் உடைந்த பல்லைப் பார்த்தார். பிறகு பல்லை விட்டுவிட்டு ஈறைப் பார்க்க ஆரம்பித்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு கோடு, பேனாவால் இழுத்த மாதிரி. அதை ஒரு கருவியால் லேசாகச் சுரண்டினார். போகவில்லை.

"வாயில எதையாவது அடக்கி வெச்சுக்கற பழக்கம் உண்டா? புகையிலை, பாக்கு?"

"சீ, அதெல்லாம் இல்லை."

"வேற ஏதாவது?"

தங்கை என்னைப் பார்த்தாள். "வேலை செய்யறப்ப குண்டு வெச்சுப்போம்."

"என்ன குண்டு?"

"வலைக்குப் பூட்டுற ஈயக்குண்டு. கன்னத்துல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துக் கடிக்கணும்."

அவர் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "வயித்துல பிள்ளை இருக்கு. ஆஸ்பத்திரில இதைப் பத்தி யாரும் கேக்கலையா?"

"என்ன சாப்பிடறேன்னு கேட்டாங்க" என்றாள் என் தங்கை. "இதைச் சாப்பிடறது இல்லையே."

பல்லுக்கு மருந்து வைத்து அடைத்துவிட்டு, ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது நானும் உதட்டைத் தூக்கி அவரிடம் காட்டினேன். என் ஈறிலும் அந்தக் கோடு இருந்தது. எனக்கும் ஒரு சீட்டு எழுதினார். முதலில் இவளுக்கு ஆகட்டும் என்று அதை மடித்துப் பைக்குள் போட்டேன்.

முடிவு வந்த அன்று பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா கதவைப் பார்க்கவில்லை. காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"வலைன்னு சொன்னே. நான் நூலுன்னு நினைச்சுட்டேன்" என்றார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "கேளு. நாம சாப்பிடற இரும்பும் ஈயமும் குடலுக்குள்ள ஒரே வாசல் வழியாத்தான் உடம்புக்குள்ள போகும். உடம்புல இரும்பு குறைஞ்சா, எங்கேயாவது கொஞ்சம் கிடைக்காதான்னு உடம்பு அந்த வாசலை இன்னும் அகலமாத் திறந்து வைக்கும். உன் வாயில நாள் பூரா இருந்தது ஈயம். அது நுழைஞ்சிடுச்சு."

"மாத்திரையும் போட்டாளே டாக்டர்?" என்றேன்.

"போட்டா. ஆனா உள்ள போன ஈயம் சும்மா இருக்காது. இரும்பு ரத்தமா மாறணும் பாரு, அந்த வேலை நடக்கற இடத்துல குறுக்க உக்காந்துக்கும். இரும்பு இருந்தும் வேலை நடக்காது. ரத்தம் குறையும். குறையக் குறைய வாசல் இன்னும் திறக்கும், ஈயம் இன்னும் போகும். இவ்வளவு நாளா இதுதான் நடந்திருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "நீ பொய் சொல்றேன்னு நினைச்சேன்மா. மனசுல வெச்சுக்காதே."

அவள் அதைக் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. "பிள்ளைக்குப் போகுமா?" என்று கேட்டாள்.

"போகும். அதனாலதான் இன்னைக்கே நிறுத்தணும். அந்தக் கடைப் பக்கமே போகாதே. ரத்தத்துல இருக்கறது மெல்ல இறங்கும். எலும்புல சேர்ந்தது லேசுல போகாது, வருஷக் கணக்கா இருக்கும். ஈயத்தை எடுக்க மருந்து இருக்கு, ஆனா வயித்துல பிள்ளையோட இந்த அளவுக்கு அதைக் குடுக்க மாட்டோம். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் விடாமப் போடு. இனிமே ஏறும்."

"அந்த ரெண்டும்?"

டாக்டரம்மா காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார்.

"அந்த ரெண்டும் இதனாலதான் போச்சா?"

"சொல்ல முடியாதும்மா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. கைக்குட்டையால் நாக்கைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். விட்டால் தோலையே உரித்துவிடுவாள் போலிருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் அவள் கடைக்கு வரவில்லை. நான் போனேன். எங்கள் இருவரில் ஒருத்தியாவது போகத்தானே வேண்டும். எல்லோரிடமும் சொன்னேன். ரேடியோ வாயிலிருந்ததைக் கொட்டாமலே சிரித்தாள்.

"எங்க அத்தை இருபது வருஷம் கடிச்சா. அவளுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? நீயே சொல்லு."

"ஒண்ணும் ஆகலை. கை கொஞ்சம் நடுங்கும், மணிக்கட்டு தொங்கிப்போச்சு. வயசாச்சு இல்ல."

"என்ன வயசு?"

ரேடியோ யோசித்தாள். "நாப்பதைத் தாண்டியிருப்பா" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளங்கையில் குண்டுகளைத் துப்பி, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

முதலாளி, "நான் கடிக்கச் சொன்னேனா? குறடு அங்கதானே தொங்குது?" என்றார். உண்மைதான், அவர் கடிக்கச் சொன்னதே இல்லை. சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று மட்டும்தான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குறட்டாலேயே ஒன்று போட்டிருப்பேன். அதை எடுத்துத் துருவைத் துடைத்து எண்ணெய் விட்டு வேலையை ஆரம்பித்தேன். உள்ளங்கை கொப்புளித்தது. பாதி வேலைதான் ஓடியது. நாலைந்து பேர் என்னைப் பார்த்து ஆளுக்கொரு குறடு எடுத்தார்கள். மற்றவர்கள் நான் பார்க்காதபோது கடித்தார்கள்.

தங்கைக்கு ரத்தம் ஏற ஆரம்பித்தது. சட்டென்று இல்லை, ஆமை மாதிரி. எட்டு வந்தது. அங்கேயே நின்று உயிரை வாங்கியது. பிறகு எட்டரை. மாமியார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த அம்மாள் பரம்பரையிலேயே அந்த வார்த்தை கிடையாது. ஆனால் இவள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன துணிகளை ஒன்று விடாமல் எடுத்து வெளியே எறிந்தாள். தினமும் பாலைக் காய்ச்சி ஆற்றி இவள் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். மாப்பிள்ளை மட்டும் பாவம், என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார்.

ரத்தம் பத்துக்கு வரவில்லை. ஒன்பதைத் தாண்டியபோதே வலி எடுத்துவிட்டது, குறித்த நாளுக்குச் சில வாரம் முன்னாலேயே. ரத்தப்போக்கும் ஆனது. நான் பிரசவ அறை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து டாக்டரம்மா வெளியே வந்து, "தாங்கிட்டா" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பெண் குழந்தை. எடை குறைவு, குரல் மட்டும் ஊரைக் கூட்டியது. தொப்புள்கொடி ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

எடை ஏறட்டும் என்று தாயையும் பிள்ளையையும் அங்கேயே வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன்பு ஒரு மத்தியானம் டாக்டரம்மா கட்டிலுக்கு வந்தார். நான் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"குழந்தைக்கும் ஈயம் இருக்கு. உன் ரத்தத்துல இருந்ததுல முக்கால் பங்குக்கு மேல. மருந்து குடுக்கற அளவு இல்லை. ஆனா இவ்வளவு இருந்தா பரவாயில்லைன்னு குழந்தைக்கு ஒரு அளவே கிடையாது. தவழறது, பேசறது, படிக்கறது எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டே வரணும். இவளுக்கு இரும்பு குறையாமப் பாத்துக்கணும், அது ரொம்ப முக்கியம்."

"பால் குடுக்கலாமா?"

"தாராளமா குடு. உனக்குத்தான் இப்ப நல்லா இறங்கிடுச்சே."

தங்கை குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கினாள். "நான் போட்ட மாத்திரை? அந்த இரும்பு இவளுக்குப் போச்சா டாக்டர்?"

"போயிருக்கும்மா. பிள்ளை தனக்கு வேண்டியதை முதல்ல எடுத்துக்கும். அம்மாவுக்கு மிச்சம்தான்."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். குழந்தை விழித்துக்கொண்டு வாயைச் சப்புக்கொட்டியது. தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரெண்டையும் எடுத்துக்கிட்டா" என்றாள். "பாவம்க்கா. எது நல்லது, எது விஷம்னு இவளுக்கு என்ன தெரியும்? அம்மா குடுத்தா. வாங்கிக்கிட்டா."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மடித்த துணிகளைக் கட்டிலில் எறிந்துவிட்டு, குழந்தையைத் தூக்கி அவள் மார்போடு சேர்த்து வைத்தேன். "ஒண்ணும் பேச வேண்டாம். பசிக்குது பார் அதுக்கு, பாலைக் குடு" என்றேன். அந்த இரண்டு வார்த்தை சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பல் டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் பைக்குள்தான் கிடந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.